ராத்திரியில் ஒன்பது தடவை எழும்பிய பிள்ளை: திருகோணமலையில் ஒரு நிகழ்வு ஆய்வு

"பால் காணாது மிஸ். நல்ல பால்மா ஒண்டு எழுதித் தாங்க."

ஆனி பிறந்த கையோடு, திருக்கடலூர்ப் பக்கத்து வீடொன்றின் விறாந்தையில் வைத்து அம்மம்மா இதைச் சொன்னார். உள்ளே சேலையில் கட்டிய ஏணையில் பிள்ளை ஆடிக்கொண்டிருந்தாள். ஏணைக் கயிறு ஒரு கையில், ஈர்க்கில் விளக்குமாறு மற்றக் கையில். வயது அறுபதைத் தாண்டிய அந்த மனுஷியின் கண் சிவந்திருந்தது. கடந்த ஒரு மாதமாக அந்த வீட்டில் ஒருவரும் ஒழுங்காக நித்திரை கொள்ளவில்லை.

நான் குடும்பநல உத்தியோகத்தர். வீடு வீடாகப் போவதுதான் என் வேலை. பிள்ளை நித்திரை கொள்ளுதில்லை என்ற முறைப்பாட்டைக் கேட்காத கிழமை எனக்குக் கிடையாது. இந்த ஒரு வீட்டை மட்டும் எழுத எடுத்ததற்குக் காரணம், முதல் தடவை போனபோது நான் கவனிக்கத் தவறிய ஒரு விசயம். தாயின் சம்மதத்தோடு எழுதுகிறேன். வீட்டையோ வேலையிடத்தையோ அடையாளம் காட்டக்கூடிய விபரங்களை மாற்றியிருக்கிறேன்.

வீடும் ஆட்களும்

பிள்ளை தை மாதத்தில் பிறந்தவள், நான் போனபோது 5 மாதம். பிறந்த நிறை 2.9 கிலோ. தாய்க்கு 27 வயது, உப்புவெளியில் உல்லாசப் பயணிகள் வரும் ஒரு விடுதியில் கணக்குப் பகுதியில் வேலை. தனியார் துறையில் கிடைக்கிற 84 நாள் பிரசவ விடுமுறை முடிந்து சித்திரைக் கடைசியில் வேலைக்குத் திரும்பியிருந்தாள். கிழக்குக் கரைக்கு அதுதான் சீசன் தொடங்குகிற நேரம். வைகாசி முதல் புரட்டாதி வரை கடல் அடங்கியிருக்கும், நிலாவெளிப் பக்கம் ஆட்கள் நிரம்புவார்கள், விடுதியில் லீவு கேட்க வாய் வராது.

அதே காரணத்தால் தகப்பனுக்கும் அது ஓய்வில்லாத காலம். ஃபைபர் போட்டில் தொழிலுக்குப் போகிறவர். விடியப்புறம் மூன்று மணிக்குக் கடலில் இறங்கி எட்டு, ஒன்பது மணிக்குக் கரை சேருவார். வாடைக் காற்றுத் தொடங்கிக் கடல் குழம்பினால் உழைப்பு நின்றுவிடும். எனவே இந்த ஐந்து மாதத்தில் ஓடி உழைத்தால்தான் உண்டு.

வீடு 2004 சுனாமிக்குப் பிறகு கட்டப்பட்டது. இரண்டு அறை, தகரக் கூரை. பகல் முழுக்கக் கச்சான் காற்று அனல் மாதிரி வீசி, வெயில் 35 பாகையைத் தொடுகிற மாதங்களில் அந்தத் தகரம் இரவு ஒன்பது மணி வரைக்கும் சூட்டை விடாது. கூரைக்குக் கீழே கையை உயர்த்திப் பார்த்தாலே தெரியும்.

முதல் வருகை

நிறை பார்த்தேன், 6.8 கிலோ. சுகாதாரப் பதிவேட்டில் புள்ளி பச்சை நிறப் பகுதிக்குள்ளேயே ஏறிக்கொண்டு போகிறது. பிறந்த நிறையின் இரண்டு மடங்கைத் தாண்டிவிட்டாள். ஒரு நாளைக்கு ஏழு, எட்டுத் தடவை சலம் போகிறது. காய்ச்சல் இல்லை, காதில் சீழ் இல்லை, மூச்சு இழுப்பு இல்லை, சத்தம் வைத்துப் பார்த்தால் திரும்பிப் பார்க்கிறாள், சிரிக்கிறாள். "பால் காணும் அம்மா. காணாமல் இப்பிடி நிறை ஏறாது. மா தேவையில்லை" என்று சொல்லிவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன்.

நான் சொன்னதில் பிழையில்லை. ஆனால் இரண்டு நாள் கழித்துத் தாய் தொலைபேசியில் அழைத்தாள். "மிஸ், பிள்ளைக்கு ஒண்டுமில்லை எண்டு சொல்லிட்டுப் போயிட்டீங்க. எனக்கு என்ன எண்டு ஒருத்தரும் கேக்கயில்லை." வைத்துவிட்டாள். அந்த வசனம் அன்று முழுக்க என்னோடு கிடந்தது. நிறைத் தராசைப் பிள்ளைக்கு வைத்தேன், தாயின் முகத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. அடுத்த நாள் பின்னேரம், அவள் வேலையால் வந்த பிறகு, திரும்பப் போனேன்.

ஏழு நாள் கொப்பி

அந்தப் பின்னேரம் ஒரு 80 பக்கக் கொப்பியில் கோடு போட்டுக் கொடுத்தேன். எத்தனை மணிக்கு நித்திரை, எத்தனை மணிக்கு எழும்பினாள், எங்கே படுத்தாள், பால் குடித்தாளா, யார் தூக்கினது. ஏழு நாள் எழுதச் சொன்னேன். பகலில் அம்மம்மா எழுதினார், இரவில் தாய். அம்மம்மாவின் எழுத்து வடிவான உருண்டை எழுத்து. தாயின் எழுத்து இரவு இரண்டு மணிக்கு மேல் வரியை விட்டு இறங்கிக் கிடந்தது.

ஏழு இரவிலும் எட்டு மணிக்கும் ஆறு மணிக்கும் இடையில் எழும்பியது குறைந்தது ஆறு தடவை, கூடியது ஒன்பது. ஒரு நாளின் மொத்த நித்திரை பதினொன்றரை மணித்தியாலம் அளவில். உலக சுகாதார நிறுவனம் 2019இல் வெளியிட்ட வழிகாட்டல், 4 முதல் 11 மாதப் பிள்ளைக்குப் பகல் நித்திரையும் சேர்த்து 12 முதல் 16 மணித்தியாலம் என்கிறது. பெரிய குறைவு இல்லை. ஆனால் அந்த நித்திரை விழுந்த இடங்கள்தான் பிழை.

முதலாவது, பகல் பால். தாய் காலை எட்டரைக்குப் போய் நாலரைக்குத்தான் வெளிக்கிடுவாள், எட்டு மணித்தியாலம். இந்த வயதில் மணிக்கு 30 முதல் 45 மில்லிலீற்றர் என்று ஒரு கணக்கு வைத்தால், அந்த நேரத்துக்குக் குறைந்தது 240 மில்லிலீற்றராவது போகவேண்டும். கொப்பியில் இருந்தது 80, 90, ஒருநாள் 100. தாய் கறந்து வைத்துப் போவது அதிலும் கூட. மிச்சம் எங்கே போனது என்று கேட்டேன். அம்மம்மா தயங்கித்தான் சொன்னார்: "ஃபிரிட்ஜில கிடந்த பால் மிஸ், குளிர். பிள்ளைக்குச் சளி கட்டும். கொஞ்சம் குடுத்திட்டு ஊத்திப்போடுவன். பாவம், இவள் கஷ்டப்பட்டுக் கறந்தது எண்டு சொல்லயில்லை." வெக்கைக்குத் தாகம் எடுக்கும் என்று இடையிடையே இரண்டு கரண்டி கொதித்தாறிய தண்ணீரும் கொடுத்திருக்கிறார்.

அந்தச் சின்ன வயிறு பகலில் தண்ணீரால் நிரம்பிவிட்டு, தாய் வந்து படுத்தபிறகு விட்டதையெல்லாம் குடித்துத் தீர்த்தது. வேலைக்குப் போகிற தாய்மாரின் பிள்ளைகளிடம் இதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன், பகல் குடிப்பு இரவுக்கு மாறிவிடும். அந்தப் பிள்ளை எழும்பியதில் பாதி உண்மையான பசி. அம்மம்மா சொன்னதிலும் அந்த அளவுக்கு உண்மை இருந்தது. பால் தாயிடம் தாராளமாக இருந்தது, பகலில் பிள்ளையிடம் போய்ச் சேரவில்லை. மா கொடுத்திருந்தால் இரவில் பால் உறிஞ்சுவது குறைந்திருக்கும். பால் சுரக்க வைக்கிற புரோலக்டின் இரவில்தான் கூட இருப்பது. உறிஞ்சல் குறைந்தால் சுரப்பும் குறைந்து, இல்லாத பால் குறைவு உண்மையாகவே வந்திருக்கும்.

இரண்டாவது, பின்னேர நித்திரை. மூன்றரைக்கு ஏணையில் போட்டால் ஆறு மணி வரைக்கும் கிடப்பாள். தாய் களைத்து வருவாள், வந்து குளித்துச் சாப்பிடட்டும் என்று அம்மம்மா ஏணையை விடாமல் ஆட்டிக்கொண்டே இருப்பார். மகளுக்காகச் செய்த உபகாரம்தான். ஆனால் ஆறு மணிக்கு எழும்பிய பிள்ளை பதினொரு மணிக்கு முன்னம் கண் மூடாது.

மூன்றாவதைக் கண்டுபிடித்தது நானல்ல, கொப்பி. ஏழில் ஆறு இரவுகளில் இரண்டரைக்கும் இரண்டே முக்காலுக்கும் இடையில் ஒரு எழும்பல் இருந்தது. எழும்பாத அந்த ஒரு இரவில் என்ன நடந்தது என்று கேட்டேன். தகப்பன் அன்று தொழிலுக்குப் போகவில்லை. எஞ்சின் திருத்தக் கொடுத்திருந்ததாம். மற்ற நாட்களில் இரண்டரைக்கு அவர் எழும்புவார், பிள்ளை படுக்கிற அறையில் ட்யூப் லைட் எரியும், அலுமாரி திறந்து சாரமும் டோர்ச்சும் எடுப்பார், தாய் எழும்பித் தேத்தண்ணி போடுவாள். அந்த வெளிச்சத்தில் பிள்ளை முழித்தால் நாலு மணி வரைக்கும் விளையாட்டு.

அவருக்கு இதைச் சொன்னபோது சுவரைப் பார்த்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தார். "இவ்வளவு நாளும் என்ர லைட்டா மிஸ்?" என்று கேட்டார். குற்றம் சொல்ல வரவில்லை என்று விளங்கப்படுத்த எனக்கு நேரம் எடுத்தது.

ஏணை

இதைத் தனியாக எழுதவேண்டும். எங்கள் பக்கத்தில் ஏணை இல்லாத பிள்ளை வீடு அரிது. அதை வேண்டாம் என்று சொல்லும் உத்தியோகத்தரை அடுத்த தடவை வாசலோடு திருப்பிவிடுவார்கள். எனக்கும் அப்படிச் சொல்ல மனமில்லை.

பிரச்சினை இதுதான். ஐந்து மாதப் பிள்ளையின் ஒரு நித்திரைச் சுற்று ஏறக்குறைய 50, 60 நிமிடம். ஒவ்வொரு சுற்றின் முடிவிலும் பிள்ளை மேலோட்டமாக முழிக்கும். பெரியவர்களும் அப்படித்தான், புரண்டு படுத்துவிட்டு மறந்துபோகிறோம். பிள்ளை நித்திரை ஆனபோது சேலைக்குள் ஆடிக்கொண்டிருந்தது. முழிக்கும்போது அசையாத பாயில் கிடக்கிறது. இடம் மாறியிருக்கிறது, ஆட்டம் இல்லை, அதனால் ஆளைக் கூப்பிடுகிறது. இரவில் இந்தப் பிள்ளை எழும்பியதில் பசியில்லாத மிச்சத்துக்கு இதுவே காரணம் என்று நினைக்கிறேன்.

அதோடு பாதுகாப்பும் இருக்கிறது. சேலை வளைந்து குழியும்போது பிள்ளையின் நாடி நெஞ்சில் அழுந்தினால் மூச்சுப் பாதை ஒடுங்கும். பக்கச் சீலை முகத்தில் ஒட்டலாம். பகலில் பக்கத்தில் ஆள் இருந்தால் கண்டுகொள்ளலாம். இரவில் வீடு முழுக்க நித்திரையில் இருக்கும்போது யார் பார்ப்பது? இந்த வீட்டில் களைப்பின் உச்சத்தில் சில இரவுகள் பிள்ளையை விடியும்வரை ஏணையிலேயே விட்டிருக்கிறார்கள். அதைக் கேட்டதும் எனக்கு வயிறு கலங்கியது.

"நாங்களெல்லாம் ஏணையிலதானே மிஸ் வளந்தம்" என்றார் அம்மம்மா. ஓம் என்றேன். "அப்ப ஏணைக்குப் பக்கத்தில எப்பவும் ஒரு ஆள் குந்திக்கொண்டிருந்ததுதானே அம்மா?" அவர் யோசித்தார். அவருடைய வீட்டில் அந்தக் காலத்தில் ஒன்பது பேர் இருந்தார்களாம்.

கடைசியில் ஒத்துக்கொண்டது இது: பகலில் ஏணை, அம்மம்மா பக்கத்தில் இருக்கும் நேரத்துக்கு மட்டும். இரவில் தாயின் பாய்க்குப் பக்கத்தில் பிள்ளைக்கென்று தனிப் பாய், தட்டையாக, இறுக்கமாக. மல்லாக்கப் படுக்கவைப்பது. தலை உருண்டையாக வரட்டும் என்று வைத்திருந்த குட்டித் தலகணியையும் சுற்றி வைத்த மற்றத் தலகணிகளையும் எடுத்துவிட்டோம். பிள்ளை தாயின் ஒரு பக்கம், தகப்பன் மறுபக்கம், இரண்டு பேருக்கும் நடுவில் அல்ல. 1990களில் பல நாடுகளில் பிள்ளைகளை மல்லாக்கப் படுக்கவைக்கச் சொல்லிப் பிரசாரம் செய்த பிறகு, காரணம் தெரியாமல் நித்திரையில் நிகழும் குழந்தை மரணங்கள் பாதியளவாகக் குறைந்தன என்பதைத் தகப்பனுக்கும் சொன்னேன். அதற்குப் பிறகு அவர்தான் இதில் கண்டிப்பாக நின்றார்.

அழவிட்டுப் பழக்குகிற முறையைப் பற்றித் தாய் கைத்தொலைபேசியில் பார்த்திருந்தாள், கேட்டாள். நான் அதை அந்த வீட்டுக்குச் சொல்லவில்லை. ஐந்து மாதப் பிள்ளை, இரவில் இரண்டு மூன்று தடவை பால் தேவைப்படுகிற வயது, தட்டினால் கேட்கிற தூரத்தில் அயல் வீடு, வேலைக்குப் போய் நாள் முழுக்கப் பிரிந்திருந்த தாய். அந்த அழுகையைக் கேட்டுக்கொண்டு சும்மா கிடக்கச் சொல்ல எனக்கு முடியாது.

செய்து பார்த்ததும் பிழைத்ததும்

முதல் திட்டத்தில் நான் பிழைவிட்டேன். ஏழு மணிக்கே படுக்கவையுங்கள் என்றேன். நாலு நாளும் அழுகை. ஏழு மணிக்கு அந்த அறைக்குள் போய் நானே பத்து நிமிடம் இருந்து பார்த்தேன். தகரம் நெருப்பாக இருந்தது, காற்று அசையவில்லை. பிள்ளைக்குத் தொப்பி, கையுறை, காலுறை. தலைமயிர் வியர்வையில் ஒட்டிக் கிடந்தது. வெளியிலோ அந்த நேரத்தில்தான் முற்றத்தில் அயலட்டை கூடிப் பேசும்.

நேரத்தை எட்டரைக்கு மாற்றினோம். படுக்கையைக் கடல் பக்கம் யன்னல் இருக்கிற முன் அறைக்குக் கொண்டுவந்தோம். நுளம்பு வலை, காற்றாடி ஒரு பக்கமாக. தொப்பி, கையுறை எல்லாம் கழற்றி ஒரு மெல்லிய நூல் சட்டை மட்டும். கை கால் குளிர்ந்திருக்கிறதா என்று பார்க்காதீர்கள், பிடரியில் கை வைத்துப் பாருங்கள், அங்கே வியர்த்தால் உடுப்புக் கூட என்று அம்மம்மாவின் கையைப் பிடித்து வைத்துக் காட்டினேன். தண்ணீரை நிறுத்தினோம். தாய்ப்பாலில் 88 சதவீதம் அளவு தண்ணீர்தான், ஆறு மாதம் முடியும்வரை வெக்கைக்கும் அதுவே காணும்.

பால் விசயம் ஒரு கிண்ணம் சுடுதண்ணீரோடு தீர்ந்தது. ஃபிரிட்ஜில் இருந்து எடுத்த கோப்பையைச் சுடுதண்ணீர்க் கிண்ணத்துக்குள் ஐந்து நிமிடம் வைத்து, மணிக்கட்டில் ஒரு துளி விட்டுப் பார்த்து, கோப்பையாலேயே பருக்குவது. சூப்பிப் போத்தல் இல்லை. கறந்த பாலை வெளியில் வைத்துவிட்டுப் போக எங்கள் வெயிலில் முடியாது. வெளியில் நாலு மணித்தியாலம் என்று சொல்வது 25 பாகைக்குக் கீழான அறைக்கு. எனவே கறந்த கையோடு ஃபிரிட்ஜ். விடுதியில் தாய் பேசி மத்தியானம் ஒரு மணித்தியாலம் வீட்டுக்கு வந்துபோக ஒழுங்கு செய்துகொண்டாள். முச்சக்கர வண்டியில் பத்து நிமிடம், வந்து பால் கொடுத்துவிட்டுப் போவாள். அந்த ஒரு நேரப் பால், கோப்பையில் போனதையெல்லாம்விடப் பெரிது.

பின்னேர நித்திரையை நாலரையோடு முடித்தோம். பிள்ளையை எழுப்புவது பாவம் என்று அம்மம்மா இரண்டு நாள் மறுத்தார், மூன்றாம் நாள் செய்தார். விடிய ஆறரைக்கு முற்றத்து வெளிச்சத்தில் பிள்ளையை வைத்திருப்பது அவர் பொறுப்பு. உடம்பின் இரவு பகல் கணக்கைக் காலை வெளிச்சம்தான் சரிப்படுத்துகிறது.

தகப்பன் தன் பங்கை நான் சொல்லாமலே செய்தார். சாரம், டோர்ச், சாப்பாட்டுப் பெட்டி எல்லாவற்றையும் இரவே விறாந்தைக்குக் கொண்டுபோய் வைத்தார். தேத்தண்ணி பிளாஸ்கில். அறையில் ட்யூப் லைட்டுக்குப் பதில் மங்கல் சிவப்பு பல்ப் ஒன்று, அதையும் அவர் போடுவதில்லை. இருட்டில் கடலுக்குப் போகிறவனுக்கு வீட்டு வாசல் தெரியாதா என்றார்.

தாய்

அந்த இரண்டாவது வருகையில், கொப்பிக்குக் கோடு போட முன்னம், எடின்பரோ மகப்பேற்று மனச்சோர்வு அளவுகோலின் தமிழ் வடிவத்தை அவளோடு இருந்து நிரப்பினேன். 10 கேள்வி, மொத்தம் 30 புள்ளி, புள்ளி கூடக் கூடச் சோர்வும் கூட. அவளுக்கு 14. தன்னைத்தானே வருத்திக்கொள்ளும் எண்ணம் பற்றிய பத்தாவது கேள்விக்கு "ஒருபோதும் இல்லை" என்று எழுதியிருந்தாள். அதை வாயாலும் ஒருமுறை கேட்டு உறுதிப்படுத்திக்கொண்டேன், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது. சுகாதார வைத்திய அதிகாரிக்கு அறிவித்து, மனநல கிளினிக்குக்குக் கடிதம் கொடுத்தோம். எந்த நேரத்திலும் தமிழில் பேசக்கூடிய 1926 என்ற மனநல உதவித் தொலைபேசி இலக்கத்தைக் கொப்பியின் அட்டையில் எழுதினேன்.

"மகள், கடைசியா நீங்க ஒரே அடியா எவ்வளவு நேரம் படுத்தீங்க?" என்று கேட்டேன். அவள் விரலை மடக்கி எண்ணிப் பார்த்தாள். ஒரு மணி இருபது நிமிடம். விடுதியில் கணக்குப் பிழைத்து இரண்டு தடவை பேச்சு வாங்கியிருக்கிறாள். பிள்ளையைக் கையில் வைத்துக்கொண்டு நின்றபடியே கண் அயர்ந்து, கதவு நிலையில் தலை இடித்த காயம் நெற்றியில் இருந்தது. முதல் நாள் அதை நான் பார்க்கவேயில்லை.

எனவே திட்டத்தில் ஒரு விசயத்தை முதலில் வைத்தோம், பிள்ளையின் நித்திரை சரிவரும்வரை காத்திருக்கவில்லை. விடிய ஐந்து மணிப் பாலுக்குப் பிறகு பிள்ளையை அம்மம்மா தூக்கிக்கொண்டு முன்பக்கம் போய்விடுவார். தாய் ஏழரை வரைக்கும் பின் அறையில், கதவு சாத்தி, படுக்கவேண்டும். சமையல் அதற்குப் பிறகு. காலையில் இடியப்பம் கடையில் வாங்குவது என்று தகப்பன் முடிவெடுத்தார். அந்த இரண்டரை மணித்தியாலம் கிடைத்த நாலாவது நாள் அம்மம்மா எனக்கு எடுத்துச் சொன்னார்: "மிஸ், இண்டைக்கு இவள் சிரிச்சவள்." பிள்ளை அந்த இரவும் ஏழு தடவை எழும்பியிருந்தது.

கொப்பியில் அப்போது ஒரு மாற்றத்தைக் கண்டேன். நான் போட்ட கோடுகளுக்குப் பக்கத்தில் தாய் தானாகவே இன்னொரு கோடு இழுத்து, மேலே "நான்" என்று எழுதியிருந்தாள். நான் கொடுத்த அட்டவணையில் அவளுக்கு இடமே வைத்திருக்கவில்லை.

பிறகு

மூன்றாம் கிழமை எழும்பல் நாலாகக் குறைந்தது. ஆறாம் மாதத் தடுப்பூசி போட்டதும் காய்ச்சல், இரண்டு இரவு திரும்பவும் பழைய கதை. அந்த நேரம் வீட்டில் எல்லாரும் பயந்துபோனார்கள், நானும் கொஞ்சம். ஐந்தாம் நாள் பழையபடி வந்தாள். ஆறு மாதத்தில் சோறு பருப்பு மசித்துக் கொடுக்கத் தொடங்கியபோது, வயிறு நிறைந்தால் விடிய விடியப் படுப்பாள் என்று அயலில் சொன்னார்கள். அப்படியொன்றும் நடக்கவில்லை, இரண்டு தடவை எழும்பிக்கொண்டுதான் இருந்தாள். ஆறு கிழமைக்குப் பிறகு அதே 10 கேள்விகளில் தாயின் புள்ளி 7. கிளினிக்குக்கு இன்னமும் போய்வருகிறாள்.

எது எவ்வளவு உதவியது என்று பிரித்துச் சொல்ல முடியாது, எல்லாம் ஒரே நேரத்தில் மாறின, பிள்ளையும் வளர்ந்தாள். ஆனாலும் பகல் பாலையும் விடியப்புற இரண்டரை மணித்தியாலத்தையும் நான் முன்னுக்கு வைப்பேன்.

ஐப்பசி தொடங்க, 9 மாதத் தடுப்பூசிக்குக் கிளினிக்குக்கு மூன்று பேரும் வந்தார்கள். கடல் குழம்பத் தொடங்கியிருந்தது. பிள்ளை தகப்பனின் தோளில், அவருடைய சேட்டுக் கொலரைச் சப்பிக்கொண்டிருந்தாள். இப்போது இரவில் எத்தனை தடவை என்று கேட்டேன். தாய் பதில் சொல்லாமல் அவரைப் பார்த்தாள்.

"ரெண்டு மிஸ்" என்றார் அவர். "ஒண்டு பாலுக்கு. மற்றது பன்னிரண்டரைக்கு. அதுக்கு இவளை எழுப்புறேல்லை, நானே தட்டிப் படுக்க வைக்கிறன்."